சாக்ஸை யார் போட்டுவிட்டது?

"நீ மிஸிதானே சந்திரா? ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் பாக்குற. நம்ம பிள்ளைய எட்டு மாசமா பாக்கலையா?"

"மிஸிதான். வீட்டுக்கு வந்தா அம்மாவா மட்டும் இருந்துட்டேன். அது தப்புன்னு எனக்குத் தெரியல."

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் பரமேஸ்வரனும் அவன் மனைவி சந்திரகலாவும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இருவரும் சத்தம் போடவில்லை. பின்சீட்டில் ஏழு வயது ஷாமினி, டாக்டர் கொடுத்த யானை ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டுவதா கையில் ஒட்டுவதா என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூட்டுவாதம் என்று சற்று முன்புதான் டாக்டர் சௌதா சொல்லியிருந்தார். குழந்தைகளுக்கும் அந்த நோய் வரும் என்பதே பரமேஸ்வரனுக்கு அன்றுதான் தெரியும். இடது முழங்கால் முழுதாக நீளவில்லை, கணுக்காலும் இறுகியிருக்கிறது, எட்டு மாதமாவது ஆகியிருக்கும், கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் பாதியில் நிறுத்திய வாக்கியத்தைத்தான் அவன் கார் நிறுத்துமிடம் வரை சுமந்து வந்து மனைவியின் தலையில் இறக்கிவைத்தான்.

அவர்கள் ஊரான கிள்ளானில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். சந்திரகலா ஓர் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பதினான்கு வருடமாக மிஸி. தடுப்பூசி போட வரும் குழந்தைகள் அவள் மடியில் அழுகையை மறந்துவிடுவார்கள் என்று பெயர். அந்தப் பெயரையே எடுத்து அவளை அடித்ததுதான் பரமேஸ்வரன் செய்த காரியம். வேறு யார் அப்படிக் கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லிவிட்டுத் தூக்கிப்போட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் வீடு ஒழுங்காகவே நடந்தது. வாரம் ஓர் ஊசி, காலுக்குப் பயிற்சி, நோய் கண்ணுக்குப் போகாமலிருக்க மூன்று மாதத்துக்கொரு கண் பரிசோதனை. எதிலும் குறை வைக்கவில்லை இருவரும். பிள்ளையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். ஷாமினியின் கால் நேராக நேராக, அவர்கள் பேச்சு இறுகிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டபடி, நிமிர்ந்து பார்க்காமலே சந்திரகலா சொன்னாள், கொஞ்ச நாளைக்குப் பந்திங்கில் அக்கா வீட்டில் இருங்கள், உங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார் பார்க்தான் ஞாபகம் வருகிறது என்று. அவன் ஆறு சட்டைகளை எடுத்து வேனின் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினான். கொஞ்ச நாள் என்பது இருபது மாதமாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பரமேஸ்வரன் பள்ளி வேன் ஓட்டுபவன். மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போவதுதான் அவன் தொழில். பந்திங்கிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்து புறப்பட்டு, ஆறு இருபதுக்கெல்லாம் சொந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பான். இரண்டு முறை ஹார்ன் அடிப்பான். ஷாமினி வருவாள். உள்ளே வராதே என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கால்தான் போகவில்லை.

தினமும் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டும்போது அவன் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்வான். சந்திரா, நான் திரும்பி வந்துடட்டுமா. அவ்வளவுதான், நான்கே வார்த்தை. கிள்ளான் எல்லைக்குள் நுழையும்போது வாக்கியம் வாயில் பழுத்துத் தயாராக இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கை தானாக ஹார்னுக்குப் போய்விடும். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், இந்த ஆறு இருபதும் இல்லாமல் போய்விடுமே என்ற பயம்.

அவன் அக்கா புனிதாவுக்கு இதெல்லாம் புரிவதில்லை. "ஒரு வாய் வார்த்தையில வெளிய வந்தே. இன்னொரு வாய் வார்த்தையில உள்ள போக வேண்டியதுதானே? டீசலாவது மிச்சமாகும்" என்பாள், தோசையைத் தட்டில் போடும்போதெல்லாம்.

இந்த வருடம் ஜூன் மாதத்தில் ஷாமினி வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு செய்தி சொன்னாள். அம்மா வீடியோவில் வருகிறார்களாம். பாட்டு, சமையல் மாதிரி வீடியோ இல்லையாம். டாக்டர்களும் மிஸிகளும் படிக்கிற பாடமாம். அதில் அம்மாதான் டீச்சராம்.

பரமேஸ்வரன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வழக்கம்போல் அப்துல் கனி பாயின் கடையோரம் வேனை நிறுத்தி, நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு, கைப்பேசியில் தேடினான்.

அது டாக்டர் சௌதாவும் அவரைப் போன்ற சில குழந்தை மருத்துவர்களும் சேர்ந்து நடத்தும் இலவச இணையப் பாடம். குழந்தைகளின் மூட்டு, தசை, எலும்பு நோய்களைப் பற்றியது. பெரிய நிபுணர்களுக்காக அல்ல. நொண்டுகிற பிள்ளையை முதலில் பார்ப்பது யாரோ அவர்களுக்காக. அதாவது சுகாதார நிலையத்து டாக்டர், தாதி, உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், கம்பம் என்கிற கிராமங்களுக்குப் போகும் மிஸி. குட்டிக் குட்டி வீடியோக்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்விகள், எல்லாம் முடித்தால் சான்றிதழ். ஆங்கிலத்தில் ஒன்று, மலாயில் ஒன்று. புதிதாக, தமிழ் பேசும் பெற்றோரிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு பாகம். அதன் கீழே, தயாரித்து வழங்குபவர் தாதி சந்திரகலா என்று அவள் பெயர் முழுதாக இருந்தது.

உள்ளே போகப் பதிவு செய்யவேண்டும். தொழில் என்ன என்று கேட்டது. மருத்துவர், தாதி, மருத்துவ உதவியாளர், மாணவர் என்று பட்டியல் நீண்டது. கடைசியில் 'மற்றவை' இருந்தது. அதை அமுக்கினான். வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் 'வேன்' என்று எழுதினான்.

திரையில் சந்திரகலா வந்தாள். வெள்ளைச் சீருடை, பின்னிக் கட்டிய கொண்டை. பதினெட்டு மாதமாகக் கேட்டுக்கு அந்தப் பக்கம் பாதி முகமாகத் தெரிந்தவள், இப்போது அவன் உள்ளங்கைக்குள் முழு முகமாக நின்று நேராகப் பார்த்துப் பேசினாள்.

"பிள்ளைக்குத் தானா உடுத்திக்க சிரமமா இருக்கான்னு கேக்கணும்னு பாடத்துல இருக்கு. நல்ல கேள்வி. நான் நூறு அம்மாக்கள்கிட்ட கேட்டிருப்பேன். நூறு பேரும், ஒரு சிரமமும் இல்ல மிஸின்னுதான் சொன்னாங்க. ஏன் தெரியுமா? நம்ம வீடுகள்ல பிள்ளை தானா உடுத்திக்கிறதே இல்ல. ஆறு இருபதுக்கு வேன் வந்துடும். பிள்ளை பாதித் தூக்கத்துல கட்டில்ல உக்காந்திருக்கும். அம்மாதான் சட்டை போட்டு, சாக்ஸ் போட்டு, ஷூவையும் மாட்டிவிடுவாங்க. இந்த நோயில மூட்டு இறுகியிருக்கிறது காலையில அந்த ஒரு மணி நேரம்தான். நம்மகிட்ட கொண்டு வரப்ப மணி பதினொன்னு. பிள்ளை ஓடி விளையாடும். அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: இன்னைக்குக் காலையில சாக்ஸை யார் போட்டுவிட்டது?"

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"என் மகளுக்கு நான்தான் போட்டுவிட்டேன். ஏழு வயசு வரைக்கும். அவ முட்டி நேரா நீளலங்கிறது என் கைக்குத் தெரிஞ்சிருக்கு, மனசுக்குத் தெரியல. என் மக வலிக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. வலியே இல்லாத நாள் எப்படி இருக்கும்னு அவளுக்கு மறந்துபோச்சு."

அப்துல் கனி பாய் வந்து, என்ன தம்பி தே ஆறிப்போச்சே, வேற போடவா என்று கேட்டார். பரமேஸ்வரன் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பி, "என் மனைவி, பாய்" என்றான்.  பாய் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி பேசுகிறார்களே என்றார். புதுத் தேவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பெருமை ஒரு பக்கம் இருக்க, அவனுக்குள் வேறொன்றும் அசைந்தது. அவள் வேன் வருகிறது என்றாள். வேனை ஓட்டி வந்தவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவறு முழுவதையும் தன் மேல் போட்டுக்கொண்டுவிட்டாள்.

வேனின் படி உயரம். பெரியவர்களே கம்பியைப் பிடித்துத்தான் ஏறவேண்டும். அந்த எட்டு மாதமும் ஷாமினி படிக்குப் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள். அவன் குனிந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே வைப்பான். ஏழு வயதிலும் அப்பாவிடம் என்ன செல்லம் என்று மற்றப் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் தானாக ஏறினார்கள் என்பது அப்போது அவன் கண்ணில் படவில்லை. சுளுக்காக இருக்கும் என்று, எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவரிடம் அவளை இரண்டு முறை கூட்டிப்போனவனும் அவனேதான். சாக்ஸ் போட்ட கை ஒன்று, படியில் தூக்கி வைத்த கை இன்னொன்று. கார் நிறுத்துமிடத்தில் கேட்ட கேள்வியைப் பாதியாக வெட்டித் தனக்கும் கேட்டிருக்கவேண்டும்.

அதன் பிறகு அவன் அந்தப் பாடத்தைப் படிக்க ஆரம்பித்தான். எதற்கு என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. பள்ளி விடும்வரை வேன் காத்திருக்கும் ஐந்து மணி நேரத்தில் தமிழ்ப் பாகத்தை முடித்தான். மலாய்ப் பாகத்தை மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். பிள்ளையைக் குதிகாலால் நடக்கவிடுவது, கூரையைப் பார்க்கச் சொல்வது, வணக்கம் வைக்கச் சொல்லிக் கை சேருகிறதா என்று பார்ப்பது, வாயில் மூன்று விரல் போகிறதா என்று பார்ப்பது. எல்லாவற்றையும் ஓட்டுநர் இருக்கையிலேயே தானும் செய்து பார்த்தான். வாய்க்குள் மூன்று விரலோடு அவன் உட்கார்ந்திருந்ததை அப்துல் கனி பாய் ஒரு நாள் பார்த்துவிட்டு, பல் வலியா தம்பி என்று விசாரித்தார்.

முதல் தேர்வில் நாற்பது மதிப்பெண். காலையில் நொண்டி மதியம் ஓடுகிற நான்கு வயதுப் பிள்ளைக்கு, 'வளர்கிற வலி, பயப்பட வேண்டாம்' என்று விடை போட்டிருந்தான். வளர்கிற வலி இரவில்தான் வரும், இரண்டு காலிலும் வரும், காலையில் நொண்ட வைக்காது என்று திரை அவனைத் திருத்தியது. இரண்டாம் முறை அறுபத்தைந்து. தேர்ச்சிக்கு எண்பது வேண்டும். மூன்றாம் முறை தொண்ணூறு. தெங்கு கிளானா சாலையில் ஒரு கடையில் சான்றிதழை அச்செடுத்து, நான்காக மடித்து, வேனின் வெயில் தடுப்புக்குள் செருகிவைத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் வாணி அழைத்தாள். வாணி, சந்திரகலாவோடு வேலை செய்கிற மிஸி, வாய் ஓயாதவள்.

"அண்ணே, சனிக்கிழம வேன் ஃப்ரீயா? பிரிக்பீல்ட்ஸ் போகணும். எட்டுப் பேர்."

"கொமுட்டர் ரயில்ல போனா அரை விலைலா."

"பேனர் இருக்கு, நாசி லெமாக் சோறு அறுபது பொட்டலம் இருக்கு, பயிற்சிப் பொம்மை ரெண்டு இருக்கு. பொம்மைக்கு டிக்கெட் யார் எடுக்குறது? ஒங்க வீட்டுக்காரம்மா பாடத்த நேருல நடத்துறாங்க. டாக்டருங்கல்லாம் வராங்க. நீங்க வேன மட்டும் ஓட்டுங்க, வேற ஒன்னும் செய்ய வேணாம்."

வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதை அவள் அழுத்திச் சொன்ன விதத்திலேயே, ஏதோ செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறாள் என்பது தெரிந்தது.

சனிக்கிழமை காலை வெள்ளைச் சீருடை இல்லாத எட்டு மிஸிகளை ஏற்றிக்கொண்டு ஷா ஆலம், சுபாங் ஜெயா எல்லாம் தாண்டி வந்தான். சந்திரகலாவும் ஷாமினியும் முன்கூட்டியே கொமுட்டரில் போய்விட்டார்கள். வழியெல்லாம் மிஸிகள் அவளைப் பற்றித்தான் பேசிவந்தார்கள். அவள் சொன்ன சாக்ஸ் கேள்வியைக் கேட்டு வாணியே ஒரு பிள்ளையைக் கண்டுபிடித்திருக்கிறாளாம். ஐந்து வயது. நோய் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லையாம். அந்தப் பிள்ளை இப்போது பாலர் பள்ளியில் நடனம் ஆடுகிறதாம். பரமேஸ்வரன் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவந்தான்.

வேனிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். ஷாமினி மண்டபத்துப் படியிறங்கி ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நான்தான் மாடல். குதிகால்ல நடந்து காட்டப்போறேன். நீங்க பாக்கலன்னா வேஸ்ட்லா."

மாடி மண்டபத்தில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். கடைசி வரிசையில், பேனருக்கும் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்தான். மேடையில் சந்திரகலா கிளிப்பச்சைப் புடவையில் இருந்தாள். அவன் அதைத் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. கட்டி இன்றுதான் பார்க்கிறான்.

ஷாமினி நடந்தாள். விரல் நுனியில், குதிகாலில், பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்தாள். சிகிச்சையின் ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் ஆன காரியம். பிறகு சந்திரகலா பேசினாள். முதல் வரிசையில் நரைத்த தலை டாக்டர்கள் குறிப்பெடுத்தார்கள். அவள் பேசுவதை ஒரு டாக்டர் எழுதுகிறார். இன்னொருவர் திரையைப் படம் பிடிக்கிறார். பரமேஸ்வரன் அவர்கள் பேனா அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம், நன்றாகச் சொல்கிறார்கள் இல்லையா என்று இரண்டு முறை கேட்டுவிட்டான்.

கேள்வி நேரம் வந்தது. ஷா ஆலமில் சொந்தக் கிளினிக் நடத்தும் டாக்டர் இல்யாஸ் எழுந்தார்.

"சிஸ்டர், சாக்ஸ் விஷயம் புரியுது. வீட்டுல மாடிப்படி இல்லன்னு சொன்னீங்க, அதுவும் சரி. ஆனா பள்ளி வேன்ல படி இருக்கே? தினமும் ஏறணுமே. அந்த வேன்காரர் கவனிக்கலையா?"

சந்திரகலாவின் கை மைக்கில் ஒரு கணம் நின்றது. அவள் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க முயல்வது அவனுக்கு மட்டும் தெரிந்தது.

"அவருக்கு இருபது பிள்ளைங்க டாக்டர். ரோட்டையும் பாக்கணும். அவரைக் குறை சொல்ல முடியாது. தப்பு வீட்டுல இருந்த என்னோடதுதான்."

பரமேஸ்வரன் எழுந்ததில் தண்ணீர்ப் பெட்டி ஒன்று சரிந்தது. எண்பது முகங்கள் திரும்பின. பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்புவிக்க எழுந்ததற்குப் பிறகு அவன் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றதில்லை.

"டாக்டர், அந்த வேன்காரன் நான்தான். பாப்பாவோட அப்பாவும் நான்தான்."

 அவன் சொல்லவேண்டியதை வரிசையில்லாமல் சொன்னான். படியின் உயரத்தை இடுப்பில் கைவைத்துக் காட்டினான். மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றதைச் செய்தே காட்டினான். நாற்பத்தொரு வயது ஆள் குழந்தைபோல் கைதூக்கி நின்றபோது யாரும் சிரிக்கவில்லை.

"செல்லம்னு நெனச்சேன். ஏற முடியாமத்தான் கையத் தூக்குறான்னு தெரியல. சாக்ஸ் போட்டது அவங்கன்னா, தூக்கி வச்சது நானு. அதனால, அம்மாவ மட்டும் கேக்காதீங்க. வேன்காரங்களையும் கேளுங்க. காலையில பிள்ளை நடக்குறத மொதல்ல பாக்குறவங்க நாங்கதான். ஆனா எங்ககிட்ட யாரும் ஒன்னும் கேக்குறதில்ல."

முதல் வரிசையில் இருந்த டாக்டர் சௌதா எழுந்து அவன் பக்கம் திரும்பினார். கடைசியாகச் சொன்னதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு மேடையைப் பார்த்து, சிஸ்டர், சாக்ஸுக்கு அடுத்த வரியில் இதைச் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். சந்திரகலா தலையசைத்தாள். அவள் புடவைத் தலைப்பைக் கண்ணருகே கொண்டுபோய், கண்ணைத் துடைக்காமல், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். டாக்டர் இல்யாஸ் முதலில் கைதட்டினார்.

கூட்டம் முடிந்ததும் வாணி, எல்லாரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிறோம், ஷாமினியையும் கூட்டிப்போகிறோம், வேனில் பேனர் இருப்பதால் யாராவது இரண்டு பேர் காவலுக்கு இருக்கவேண்டும் என்று அறிவித்தாள். அறுபது பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்ட வயிற்றில் வாழையிலைக்கு எங்கே இடம் என்று ஒரு மிஸி கேட்டாள். அவளுக்கு வாணி முழங்கையால் ஓர் இடி கொடுத்தாள்.

பேனரை யாரும் திருடப்போவதில்லை என்று தெரிந்தும் சந்திரகலா வேனின் இடப்பக்கக் கதவைத் திறந்தாள். கம்பியைப் பிடித்து, புடவையைக் கொஞ்சம் தூக்கி, படியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"உயரம்தான்" என்றாள், படியைப் பார்த்து.

"ம்."

வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவள் தலைக்கு மேலிருந்த தடுப்பைக் கீழே இழுத்தாள். மடித்த காகிதம் மடியில் விழுந்தது. அவன் கை நீட்டுவதற்குள் பிரித்துவிட்டாள். பாடத்தின் சின்னம், அவன் பெயர், தொண்ணூறு மதிப்பெண், கீழே டாக்டர் சௌதாவின் கையெழுத்தோடு அவள் கையெழுத்தும்.

"நீயே கையெழுத்துப் போட்டிருக்க" என்றான் அசடு வழிய. "கம்ப்யூட்டர் தானா போடுமாம்ல?"

"தானாத்தான் போடும். ஆனா யார் யார் படிக்கிறாங்கன்னு வாரா வாரம் எனக்குப் பட்டியல் வரும்." அவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐந்நூத்திச் சொச்சம் பேர். டாக்டர், டாக்டர், மிஸி, மிஸி. நடுவுல ஒருத்தர், தொழில் மற்றவை, வேலை செய்யுற எடம் வேன். மொதல் தடவ நாப்பது."

"அப்பவே பாத்துட்டியா?"

"ஜூன்லயே."

"ரெண்டு மாசமா கேட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னேன். ஒரு வார்த்த சொல்லலையே சந்திரா."

"பாஸாகட்டும்னு இருந்தேன்."

இருபது மாதத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதை அவன் பக்கத்திலிருந்து பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. கார் நிறுத்துமிடம் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான். "பாதிய என்னையும் கேட்டிருக்கணும்."

"இன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டுக்கிட்டீங்களே."

அவள் சான்றிதழைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். வெயில் தடுப்பில் செருகவில்லை. தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். தெருவுக்கு அந்தப் பக்கத்தில் ஷாமினி, வாணியின் கையை விட்டுவிட்டு, நடைபாதை மேட்டில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள்.

பரமேஸ்வரனின் கை பழக்கத்தில் ஹார்னுக்குப் போனது. பாதி வழியில் அதை நிறுத்தி, எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அத்தனை காலையிலும் தயார் செய்த நான்கு வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. வேறு வார்த்தைகள்தான் வந்தன.

"சந்திரா, திங்கக்கெழம காலையில நான் வெளியே நின்னு ஹார்ன் அடிக்க வேணாம். பாப்பா சாக்ஸ் போடுறத வீட்டுக்குள்ள ஒக்காந்து பாத்துட்டு, அவளோடயே கெளம்பி வரேன். நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"